ஹீரோ யார், துணை யார்? ஒரு நடிப்பை எந்தப் பிரிவில் வைப்பது

ஒரே படம், ஒரே நடிகை, ஒரே வேடம். 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கான கேரள அரசு விருதில் அந்த வேடத்துக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அதே ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் அதே வேடத்துக்குச் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது. 'உள்ளொழுக்கு' என்ற மலையாளப் படத்தில் ஊர்வசி நடித்த லீலாம்மா வேடம்தான் அது. நம்ம கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர் பாக்யராஜ் 1983இல் 'முந்தானை முடிச்சு' படத்தில் பரிமளமாக அறிமுகப்படுத்திய அதே ஊர்வசி. தேசிய விருது அறிவிப்பு வந்ததும், எந்த அளவுகோலை வைத்து முதன்மை, துணை என்று பிரிக்கிறீர்கள் என்று அவர் வெளிப்படையாகவே கேட்டார்.

நியாயமான கேள்வி. பட்டியலைப் பார்க்கிற நமக்கும் அதே குழப்பம்தான். வெள்ளத்தில் மூழ்கிய குட்டநாட்டில், மகனின் உடலை அடக்கம் செய்ய முடியாமல் காத்திருக்கும் மாமியாரும் மருமகளும்தான் அந்தப் படத்தின் கதையே. மருமகளாகப் பார்வதி, மாமியாராக ஊர்வசி. இதில் யார் யாருக்குத் துணை?

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதில் இருந்து தொடங்கலாம். ஆஸ்கர் விருதுகள் தொடங்கியபோது நடிப்புக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டே விருதுகள்தான். 1935இல் வெளிவந்த 'மியூட்டினி ஆன் தி பவுன்ட்டி' படத்தில் நடித்த கிளார்க் கேபிள், சார்லஸ் லாட்டன், ஃப்ராஞ்சாட் டோன் மூவருமே சிறந்த நடிகருக்கான பட்டியலில் வந்து நின்றார்கள். மூவரில் யாருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுப் படங்களில் இருந்து துணை நடிப்புக்குத் தனி விருது வந்தது. அந்த முதல் விருதுகளை வாங்கியவர்கள் வால்டர் பிரென்னனும் கேல் சாண்டர்கார்டும். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது முழுச் சிலை இல்லை, சிறு பட்டயம்தான். துணை நடிகர்களுக்கும் முழுச் சிலை கொடுக்க மேலும் சில வருடங்கள் ஆனது. துணை என்றால் ஒரு படி கீழே என்ற எண்ணம் அன்றைக்கே வேர் விட்டுவிட்டது.

நம் தேசிய விருதில் சிறந்த நடிகர், நடிகை விருதுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களில் தொடங்கின. துணை நடிப்புக்கான விருதுகள் 1984ஆம் ஆண்டுப் படங்களில்தான் வந்தன. இரண்டுக்கும் கொடுப்பது ரஜத கமலம் என்ற வெள்ளித் தாமரைப் பதக்கம்தான். பதக்கத்தில் ஏற்றத்தாழ்வு கிடையாது. அப்படி இருந்தும் 'துணை' என்று அறிவித்ததும் ஒரு சின்ன வருத்தம் எழுவது ஏன்? தமிழ்நாடு அரசு விருதுகளைப் பாருங்கள். அங்கே சிறந்த நடிகர், குணச்சித்திர நடிகர், வில்லன், நகைச்சுவை நடிகர் என்று வேடத்தின் வகையை வைத்துப் பிரிக்கிறார்கள். அதனால் இந்தப் பஞ்சாயத்து அவ்வளவு பெரிதாவதில்லை. வில்லன் வில்லன்தான், எவ்வளவு நேரம் வந்தால் என்ன? முதன்மை, துணை என்று கதையில் உள்ள பங்கை வைத்துப் பிரிக்கப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் எல்லோரும் கையில் எடுப்பது கடிகாரத்தை. யார் அதிக நேரம் வருகிறாரோ அவர்தான் முதன்மை என்பார்கள். 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்துக்காக ஆண்டனி ஹாப்கின்ஸ் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கினார். இரண்டு மணி நேரப் படத்தில் அவர் வருவது சுமார் 16 நிமிடம் என்பார்கள். இன்னொரு கணக்குப்படி 25 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. முகம் தெரியும் நேரத்தை மட்டும் எண்ணுவதா, அவர் இருக்கும் காட்சி முழுவதையும் எண்ணுவதா என்பதில்தான் வித்தியாசம். எப்படி எண்ணினாலும் படத்தில் கால் பங்கைத் தாண்டாது. 'தி காட்ஃபாதர்' படத்தில் இதற்கு நேர் எதிர். மார்லன் பிராண்டோவை விட அல் பசினோ அதிக நேரம் வருகிறார், அப்பனிடம் இருந்து மகனுக்குப் போகும் கதையே அவருடையதுதான். பிராண்டோவுக்கு முதன்மை விருது, பசினோ துணைப் பட்டியலில். கடிகாரத்தை நம்பி இறங்கினால் இந்த இடத்திலேயே நின்றுவிடுவோம்.

அடுத்தது படத்தின் பெயர். பெயரில் இருப்பவர்தான் நாயகன் என்று நினைக்கத் தோன்றும். 'அழகர்சாமியின் குதிரை' படத்தில் அழகர்சாமியாக நடித்த அப்புக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது துணை நடிப்புக்கு. அவர் படத்தில் தாமதமாகத்தான் வருகிறார், ஊரே கதையின் நாயகன் என்று அதற்குக் காரணம் சொல்லலாம். முழுக்கத் தள்ளிவிட முடியாத காரணம்தான். ஆனால் குதிரையைத் தேடி அந்த ஊருக்குள் வந்து நிற்கும் மனிதன் உயரமாக, சிவப்பாக, சந்தையில் விலை போகும் ஹீரோவாக இருந்திருந்தால் இதே காரணத்தைச் சொல்லியிருப்பார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

சரி, வேறு எதைத்தான் பார்ப்பது? நம் ஊர்க் கதை ஒன்றிலேயே இதைப் பார்க்கலாம். கொங்கு நாட்டில் உடுக்கடித்து இரவிரவாகப் பாடும் அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன்மார் என்றால் பொன்னரும் சங்கரும். கதையின் நாயகர்கள் அவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் முதல் இரவுகளில் உட்கார்ந்து கேட்டால் அவர்கள் பிறக்கவே இல்லை. குன்றுடையாக் கவுண்டரும் தாமரை நாச்சியாரும்தான் கதை. பிள்ளை வேண்டித் தாமரை கிடக்கும் தவம்தான் கதையை நடத்துகிறது. அந்த இரவுகளுக்கு அவள்தான் நாயகி. பிறகு கதை மகன்கள் கைக்கு வருகிறது. அவர்களின் உதவியாளன் சாம்புவன் எப்போதும் கூடவே நிற்கிறான். அவன் இல்லாமல் எந்தப் போரும் இல்லை, ஆனாலும் அவன் எங்கே போவது என்பதைச் சங்கரும் பொன்னரும்தான் முடிவு செய்கிறார்கள். கடைசியில் அண்ணன்மார் படுகளத்தில் விழுந்த பிறகு கதை தங்கை தங்காள் கைக்குப் போகிறது. அழுதுகொண்டே களத்தைத் தேடிப் போவதும், விழுந்தவர்களை எழுப்புவதும் அவள். அந்த இடத்தில் அவளைத் துணைப் பாத்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இதில் நான் பார்த்தது யாருடைய ஆசையும் முடிவும் கதையை நகர்த்துகிறது, அந்த முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதை. முதன்மைப் பாத்திரம் என்றால் அதற்கென்று ஒரு தேவை இருக்கும், அந்தத் தேவைக்காக முடிவெடுக்கும், படம் முடியும்போது தொடங்கியபோது இருந்த ஆளாக இருக்காது. துணைப் பாத்திரம் அந்த மாற்றத்தைத் தூண்டும், தடுக்கும், அளந்து காட்டும்.

அளந்து காட்டுவது என்றால் என்ன என்பதை 'அமைதிப்படை' படத்தில் ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். 1994இல் வந்த படம். இயக்கிய மணிவண்ணன் சூலூர்க்காரர், நடித்த சத்யராஜ் கோயம்புத்தூர்க்காரர். கோயிலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசையைத் தேர்தலில் நிறுத்துகிறார்கள். ஓட்டு எண்ணிக்கை நடக்கிறது. பக்கத்தில் அரசியல்வாதி மணியன், அதாவது மணிவண்ணன். அமாவாசை முதலில் நாற்காலியின் நுனியில் பணிவாக ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு சுற்று முன்னணியும் வரவர உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்கிறது, கால் மேல் கால் ஏறுகிறது. மணியன் அதை ஓரக்கண்ணால் பார்க்கிறார். நமக்கு அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரிவது மணியன் முகத்தில்தான். அவர் அந்தப் பக்கம் உட்காராமல் இருந்தால் சத்யராஜ் நாற்காலியில் சாய்ந்தது வெறும் சாய்தலாகப் போயிருக்கும். ஆனால் மாறுவது அமாவாசை. மணியனுக்கென்று தனியாக ஒரு கதை படத்தில் ஓடுவதில்லை. துணை நடிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்று புதிதாகக் கேட்பவருக்கு நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். அதில் மணிவண்ணன் செய்திருப்பது சத்யராஜ் செய்திருப்பதற்கு ஒரு இம்மியும் குறைந்தது இல்லை.

அந்தப் படத்தில் சத்யராஜுக்கு இரண்டு வேடம் என்பதும் ஞாபகம் இருக்கும். நியாயம் கேட்டு வரும் மகன் தங்கவேலுதான் இலக்கணப்படி கதாநாயகன். அமாவாசை வில்லன். ஆனால் படம் முழுக்க நாம் பின்தொடர்ந்து போவது அமாவாசையைத்தான். வில்லனும் முதன்மைப் பாத்திரமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் தேட வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறான சோதனையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆளை எடுத்துவிட்டால் கதை நிற்குமா என்று கேட்பார்கள். நிற்காவிட்டால் முதன்மை என்பார்கள். கட்டப்பாவை எடுத்துவிட்டால் 'பாகுபலி' நிற்குமா? நாடே இரண்டு வருடம் அவன் ஏன் கொன்றான் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் கட்டப்பா துணைப் பாத்திரம்தான். சிம்மாசனத்துக்குக் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டவன் அவன். அவன் செய்யும் மிகப் பெரிய காரியமே இன்னொருவர் இட்ட கட்டளை. சத்யராஜ் அந்த வேடத்தை எவ்வளவு கனமாகத் தூக்கி நின்றாலும் கதை அவனுடையது இல்லை. இதை விட நல்ல கேள்வி ஒன்று உண்டு. ஹீரோ பக்கத்தில் இல்லாதபோது இந்த ஆள் என்ன செய்கிறார் என்று படம் போய்ப் பார்க்கிறதா? அவர் வீட்டுக்குள், அவர் தனிமைக்குள் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறதா?

ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு பேர் கார் நிறுத்தும் இடத்துக்காக மல்லுக்கட்டும் 'பார்க்கிங்' படத்துக்கு அந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஊர்வசிக்குக் கிடைத்த அதே ஆண்டுத் தேசிய விருதில் இந்தப் படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருது. அறிவிப்பு வந்த சமயம் கோபியில் ஒரு பேக்கரியில் கல்லூரிப் பையன் ஒருவனும் வயதில் மூத்த ஒருவரும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"ஏனுங்ணா, பாஸ்கர் சார எடுத்துட்டா அந்தப் படத்துல என்னங்ணா இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங் தம்பி. சண்டைக்கு ரெண்டு பேர் வேணுமில்லீங்."

"அப்பறம் எப்படிங்ணா அவரு மட்டும் துணை?"

"அந்த ஊட்டுக்குப் புதுசா குடி வர்றது யாருங்? ஹரிஷ் கல்யாண். காரு மொதல்ல வாங்கறது யாருங்? அவருதானுங். நாம அவருகூடத்தான் அந்த ஊட்டுக்குள்ளயே போறோம். அதப் பாத்திருப்பாங்க."

பெரியவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. யாருடைய கண் வழியாகக் கதைக்குள் நுழைகிறோம் என்பது முக்கியமான அளவுகோல். 'விசாரணை' படத்தில் சமுத்திரக்கனிக்குத் துணை நடிகர் விருது கிடைத்ததை நான் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறேன். பின்பாதியில் மனசாட்சியோடு மல்லுக்கட்டுவது அவருடைய இன்ஸ்பெக்டர் பாத்திரம்தான். ஆனால் எதுவும் தெரியாமல் அந்த ஸ்டேஷனுக்குள் மாட்டிக்கொண்ட தொழிலாளிகளோடுதான் நாம் நிற்கிறோம். இன்ஸ்பெக்டருக்கு நடப்பது எல்லாம் அவர்கள் தலைக்கு மேல் நடக்கிறது, நம் தலைக்கு மேலும் அப்படியே நடக்கிறது.

'பார்க்கிங்' அப்படி இல்லை. மேலும் கீழுமாகக் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களில் ஈஸ்வர் (ஹரிஷ் கல்யாண்) வீட்டுக்குள் படம் எத்தனை உரிமையோடு போகிறதோ, அதே உரிமையோடு இளம்பரிதி (எம்.எஸ்.பாஸ்கர்) வீட்டுக்குள்ளும் போகிறது. சிக்கனமாக, நேர்மையாக ஒரு அரசு வேலையில் காலம் தள்ளிய மனிதர், வீம்புக்காகக் கார் வாங்குகிறார். அதில் இருந்து அவர் மனைவிக்கும் மகளுக்கும் அவர் அந்நியமாகிக்கொண்டே போகிறார். ஒரு முடிவு, அதற்கு ஒரு விலை, கடைசியில் ஒரு மாற்றம், மூன்றும் அவருக்கு இருக்கிறது. கதைக்குள் நுழைந்தது ஈஸ்வரோடுதான் என்றாலும் பாதியிலேயே நாம் இரண்டு பேரோடும் நிற்கத் தொடங்கிவிடுகிறோம். என் கணக்கில் அந்தப் படத்துக்கு இரண்டு முதன்மைப் பாத்திரங்கள்.

இரண்டு பேர் முதன்மையாக இருக்க முடியாது என்று யாரும் விதி போடவில்லை. 'சூரரைப் போற்று' படத்தில் சூர்யாவுக்குச் சிறந்த நடிகர், அபர்ணா பாலமுரளிக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. ஆணும் பெண்ணும் என்றால் இரண்டு முதன்மை என்பது நமக்கு உறுத்துவதில்லை. ஒரே படத்தில் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ வந்தால்தான் ஒருவரைக் கீழே இறக்கிவிடுகிறோம். மணிரத்னத்தின் 'இருவர்' படத்தின் பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது. ஆனந்தனாக மோகன்லால், தமிழ்ச்செல்வனாகப் பிரகாஷ்ராஜ். பிரகாஷ்ராஜுக்கு அந்த ஆண்டு கிடைத்தது துணை நடிகர் தேசிய விருது. நண்பன் போன பிறகு தனியே நின்று கவிதையில் தமிழ்ச்செல்வன் அழும் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு, இது இன்னொருவர் கதைக்குத் துணையாக வந்த ஆள் என்று எப்படிச் சொல்வது? 'ஜிகர்தண்டா' படத்தில் அசால்ட் சேதுவாகப் பாபி சிம்ஹா வாங்கியதும் துணை நடிகர் விருது. அந்தப் படத்தில் தலைகீழாக மாறுவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, மேலே சொன்ன அளவுகோல்களோடு பட்டியலில் எழுதப்படாத இன்னொன்றும் வேலை செய்கிறது. ஹீரோ என்று ஏற்கெனவே சந்தையில் பெயர் வாங்கியவர் நடித்தால் முதன்மை, மற்றவர் நடித்தால் துணை. இதுதான் எனக்கு வருத்தம் தருவது. நடிப்பை மதிப்பிட உட்கார்ந்துவிட்டு நடிகரின் வியாபாரத்தை மதிப்பிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தை உடைத்த ஒரு முடிவும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்துக்காகச் சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகை விருது வாங்கினார், இன்னொருவருடன் பகிர்ந்து. அவர் நடித்தது விஜய் சேதுபதியின் அம்மா வீராயியாக. நம் சினிமாவில் அம்மா வேடம் என்றாலே குணச்சித்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். அந்த நடுவர் குழு அப்படிச் செய்யவில்லை. மகன் காதலித்துக்கொண்டிருக்கும்போது கதையின் பாரத்தைச் சுமந்து நடப்பது வீராயிதான் என்று பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து தமிழ்ப் படங்களுக்குக் கிடைத்த மிகச் சரியான தீர்ப்புகளில் அது ஒன்று.

ஆஸ்கரில் நடப்பது கொஞ்சம் வேறு. அங்கே தயாரிப்பு நிறுவனங்களே எங்கள் நடிகரை இந்தப் பிரிவில் பரிசீலியுங்கள் என்று விளம்பரம் செய்யும். ஒரே படத்தில் இருவர் முதன்மையாக நின்றால் ஓட்டு பிரியுமே என்று ஒருவரைத் துணைக்குத் தள்ளிவிடுவார்கள். ஓட்டுப் போடும் நடிகர்கள் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்று இல்லை, தங்களுக்குச் சரியென்று படும் பிரிவில் போடலாம். அதில் விசித்திரங்களும் நடந்திருக்கின்றன. 1944இல் வந்த 'கோயிங் மை வே' படத்தில் ஒரே வேடத்துக்காகப் பேரி ஃபிட்ஸ்ஜெரால்டு இரண்டு பட்டியலிலும் இடம்பிடித்தார். அதற்குப் பிறகு அப்படி வராதபடி விதியை மாற்றினார்கள். 2021 விழாவில் 'ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசையா' படத்தின் இரண்டு நாயகர்களுமே துணை நடிகர் பட்டியலில் வந்தார்கள். படப் பெயரில் வரும் ஜூடாஸ், அதாவது காட்டிக்கொடுப்பவர், ஒருவர்; மெசையா, அதாவது மீட்பர், இன்னொருவர். இருவருமே துணை என்றால் அந்தப் படத்தில் முதன்மை யார் என்ற கேள்விக்குப் பட்டியலில் பதில் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. பெரிய நட்சத்திரம் துணைப் பாத்திரத்தில் நடிப்பது. நம் கொங்குத் தமிழ் திரையில் அழகாக ஒலித்த படங்களில் ஒன்றான 'சதி லீலாவதி'யை எடுத்துக்கொள்வோம். 1995இல் பாலு மகேந்திரா இயக்கியது, தயாரித்தது கமல்ஹாசன். கோவைக்கார டாக்டர் சக்திவேலாகக் கமல், மனைவி பழனியாகக் கோவை சரளா. வாயைத் திறந்தாலே கொங்குப் பேச்சு. படத்தை யாரிடம் கேட்டாலும் கமல் படம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் கதை யாருடையது? கணவன் வேறொரு பெண்ணிடம் போய்விட்டதைத் தெரிந்துகொண்டு அவனை மீட்கப் பார்க்கும் லீலாவதியுடையது, அதாவது கல்பனாவுடையது. முடிவெடுப்பதும் விலை கொடுப்பதும் அவரும் கணவனாக வரும் ரமேஷ் அரவிந்தும். சக்திவேலும் பழனியும் அந்தக் குழப்பத்துக்குள் இழுக்கப்பட்டவர்கள். எவ்வளவு சிரித்தாலும், எத்தனை முறை பார்த்தாலும் கமலின் வேடம் அதில் துணை வேடம்தான். கமலே தயாரித்த படத்தில் அப்படி ஒரு இடத்தை அவர் எடுத்துக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். போஸ்டரை மறந்துவிட்டு அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் கல்பனாவின் நடிப்பு இன்னும் பெரிதாகத் தெரியும்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கல்லூரிகளில் குறும்படம் எடுத்துப் போட்டிகளுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கு இது வெறும் அரட்டை விஷயம் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் முதன்மை நடிப்பு யார், துணை நடிப்பு யார் என்று எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், பார்க்க ஹீரோ மாதிரி இருக்கும் நண்பனின் பெயர் மேலே போய்விடும், அப்பாவாகவோ ஆத்தாவாகவோ நடித்த ஊர்க்காரர் பெயர் கீழே வந்துவிடும். எழுதுவதற்கு முன்னால் படத்தை ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். வசனம் கேட்காதபோது, ஒரு காட்சியில் இருந்து அடுத்த காட்சிக்கு யாருக்காகப் போகிறோம் என்பது பளிச்சென்று தெரியும். கேமரா யார் முகத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது, ஆளில்லாத வீட்டில் யாரோடு தங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது அந்த ஆத்தாவாக இருந்தால் முதன்மை நடிப்பு என்ற இடத்தில் அவர் பெயரை எழுதுங்கள். இரண்டு பேராக இருந்தால் இரண்டு பேரையும் எழுதுங்கள். நடுவர்கள் மாற்றினால் அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்.